ஸ்கேன் காணாத பாதி

இயக்க நரம்பணு நோயைக் கண்டறிய மருத்துவருக்கு உதவும் கருவிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று ரப்பர் சுத்தியல். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் அதைக் கொண்டு ஒரு தட்டுத் தட்டினால், தொங்கவிட்ட கால் தானாக முன்னால் உதறும். உதறல் எவ்வளவு, எத்தனை வேகம், எங்கெல்லாம் பரவுகிறது என்பதை வைத்து, மூளையிலிருந்து தசை வரை ஓடும் நரம்புப் பாதையில் பழுது எங்கே என்று கணிப்பதுதான் அனிச்சைப் பரிசோதனை. ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்ஃபால் இருவரும் 1875-ல் ஒரே மருத்துவ இதழில் தனித்தனியே இந்த முழங்கால் உதறலை எழுதி வைத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டாகியும் அந்தத் தட்டல் பெரிதாக மாறவில்லை.

மாறாததாலேயே அது காலாவதியாகிவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கைகால் சோர்ந்து போனவரை அழைத்துக்கொண்டு கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற குடும்பமாகட்டும், சங்கராபுரம் கடைவீதியில் விசாரிக்கிற உறவினராகட்டும், கேட்பது ஒன்றே: “ஸ்கேன் எடுத்தாச்சா?” முட்டியில் தட்டிப் பார்த்தார் என்றால், சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இந்த எண்ணம் நோயாளிகளோடு நிற்பதில்லை. எம்.ஆர்.ஐ. படமும் ஈ.எம்.ஜி. அறிக்கையும் வந்த பிறகு தட்டிப் பார்ப்பது ஒரு சடங்கு என்று நினைக்கிற மருத்துவர்களும் உண்டு. மற்ற நோய்களில் இந்த வாதத்துக்கு ஓரளவு இடம் இருக்கலாம். இயக்க நரம்பணு நோயில் இது முழுத் தவறு. இந்த நோயின் ஒரு பாதியை ஸ்கேனும் காட்டாது, கரண்ட் வைத்துப் பார்க்கும் நரம்பு டெஸ்ட்டும் காட்டாது. அந்தப் பாதி சுத்தியலுக்குத்தான் அகப்படும்.

ஏன் என்பதற்கு நோயின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. ஒரு தசையை அசைக்க இரண்டு வகை நரம்பணுக்கள் வேண்டும். முதலாவது, மூளைப் புறணியில் கிளம்பி மூளைத்தண்டுக்கோ தண்டுவடத்துக்கோ இறங்கும் மேல்நிலை நரம்பணு. இரண்டாவது, அங்கிருந்து கிளம்பித் தசையைத் தொடும் கீழ்நிலை நரம்பணு. தசைநாணில் தட்டும்போது தசை ஒரு கணம் இழுபடுகிறது. அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போய், கீழ்நிலை நரம்பணுவைத் தூண்டி, தசையைச் சுருங்க வைக்கிறது. மூளைக்கு இதில் நேரடி வேலை இல்லை. ஆனால் மேல்நிலை நரம்பணு மூக்கணாங்கயிறு போல இந்தச் சுற்றை இழுத்துப் பிடித்து அடக்கி வைத்திருக்கிறது. கயிறு அறுந்தால் அனிச்சை துள்ளும். கீழ்நிலை நரம்பணு செத்தால் அனிச்சை அடங்கும். தசை துடிக்கும், பிறகு சூம்பும்.

மற்ற நோய்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் தாக்கும். பக்கவாதத்தில் மேலே பழுது. போலியோவில் கீழே பழுது. எம்.என்.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த நோயின் முதன்மை வடிவமான ஏ.எல்.எஸ். இரண்டையும் ஒரே உடம்பில், பல சமயம் ஒரே கையில் தாக்குகிறது. கயிறறுந்த மாடு மெலிந்துகொண்டே துள்ளுகிறது. பாரிஸில் ழான் மார்டின் ஷார்கோ 1869-லிருந்து 1874 வரை இந்த நோயை வரையறுத்தபோது, தசை வற்றுவதையும் விறைப்பதையும் ஒரே நோயாகச் சேர்த்துப் பார்த்ததுதான் அவர் செய்த பெரிய வேலை.

இனி, கருவிகள் ஒவ்வொன்றும் எதைக் காட்டும் என்று பார்க்கலாம். ஈ.எம்.ஜி. தசைக்குள் ஊசி செலுத்தி மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறது. கீழ்நிலை நரம்பணு சாவதை, தசை சூம்புவதற்கு முன்பே கூட, அது துல்லியமாகக் காட்டும். மேல்நிலை நரம்பணுவைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. இந்த நோயில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கழுத்தில் தட்டு பிதுங்கியிருக்கிறதா, மூளையில் கட்டி இருக்கிறதா என்று மற்றவற்றை விலக்குவதற்கே அதை எடுக்கிறார்கள். இரத்தப் பரிசோதனைகளும் அப்படித்தான். மேல்நிலை நரம்பணுவின் பழுதை உறுதி செய்ய, ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே அன்றாடப் புழக்கத்துக்கு வந்த இயந்திரம் இன்று வரை கிடையாது. மருத்துவரின் கைதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது பழைமைவாதிகளின் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உலக நரம்பியல் அறிஞர்கள் வகுத்த வரையறைகளைப் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் எல் எஸ்கோரியலில் 1990-ல் கூடி வகுத்து 1994-ல் வெளிவந்த விதிகளிலும் மேல்நிலை அறிகுறிகளை மருத்துவரே பரிசோதித்துக் கண்டறிய வேண்டும் என்றே இருந்தது. அதன் பிறகு எம்.ஆர்.ஐ. கருவிகள் எங்கும் பெருகின, ஈ.எம்.ஜி. விதிகள் திருத்தப்பட்டன. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் 2019-ல் மறுபடியும் கூடி விதிகளை எளிமையாக்கியபோதும் மேல்நிலைப் பழுதுக்கு எழுதிய அடையாளங்கள் சுத்தியலும் விரல்களும் காண்பவைதான்: மிகுந்த அனிச்சைகள், பாபின்ஸ்கி குறி (உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே நிமிர்வது), ஹாஃப்மன் குறி (நடுவிரல் நுனியைச் சுண்டினால் கட்டைவிரல் மடங்குவது), தசை விறைப்பு போன்றவை. அனிச்சை மிகுதிக்கு அவர்கள் தந்த விளக்கத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோர்ந்து சூம்பிப்போன தசையில் அனிச்சை இருப்பதே மிகுதிதான். அது துள்ள வேண்டும் என்றில்லை.

நேரில் பார்த்தால்தான் இந்த நுணுக்கத்தின் அருமை தெரியும். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமாக வெட்டுக்கத்தி வலது கையில் நிற்கவில்லை. வலி இல்லை, மரத்துப் போகவில்லை, சிறுநீர் மலத்தில் குறை இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை குழிந்து பள்ளமாகியிருக்கிறது. சட்டையைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் உட்காரவைத்தால் தோள்பட்டையிலும் புஜத்திலும் தோலுக்கடியில் புழு நெளிவது போலச் சதை அங்கங்கே துடிக்கிறது. முழங்கை மடிப்பில் இருதலைத் தசைநாண் மேல் மருத்துவர் தன் கட்டைவிரலை வைத்து, அந்த விரல்மேல் சுத்தியலை விழவிடுகிறார். புஜம் பாதியாக மெலிந்திருக்கிறது. இந்தக் கையில் அனிச்சை அடங்கிக் கிடக்க வேண்டும். மாறாகக் கை சட்டென்று மடங்குகிறது. கூடவே விரல்களும் மடங்குகின்றன. அந்த ஒரு கணத்தில் மருத்துவருக்கு நோயின் பெயர் மனதில் எழுந்துவிடுகிறது. எந்த அறிக்கையும் அதற்குப் பிறகுதான் வரும்.

அடுத்து அவர் செய்ய வேண்டியது பலரும் விட்டுவிடுகிற ஒன்று. “ஐயா, வாயை லேசாத் திறந்து, தளர்த்தி வையுங்க” என்று சொல்லி, மோவாயில் ஒரு விரலை வைத்து அதன்மேல் மெல்லத் தட்டுவது. இயல்பானவர்களுக்குத் தாடை அசைவது கண்ணுக்கே தெரியாது; தெரிந்தாலும் சிறிதளவே. தாடைக்கான மேல்நிலை நரம்பணு பழுதானவருக்குத் தாடை சட்டென்று மூடிக்கொள்ளும். பல்லோடு பல் மோதும் ஓசை கேட்கலாம்.

இந்தத் தாடைத் தட்டலை விளக்காமல் எந்த மறுப்பும் முழுமையாகாது. சூம்பிய கையும் துள்ளும் காலுமாக வருகிறவருக்கு நம் ஊர்களில் முதலில் சூட்டப்படும் பெயர் கழுத்துத் தேய்மானம். ஐம்பது வயதைத் தாண்டியவரின் கழுத்தை ஸ்கேன் எடுத்தால் தேய்மானம் இல்லாத படம் அபூர்வம். தலைச்சுமையும் வயல்வேலையுமாக வாழ்ந்தவருக்குச் சொல்லவே வேண்டாம். கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால், நசுங்கிய இடத்தில் கை சூம்பும். அதற்குக் கீழே கால் துள்ளும். பார்வைக்கு இது எம்.என்.டி. போலவே இருக்கும். ஆனால் தாடை அனிச்சையின் சுற்று ஐந்தாம் மூளை நரம்பில் போய் வருகிறது. அதன் நிலையம் மூளைத்தண்டில், கழுத்துக்கு வெகு மேலே இருக்கிறது. கழுத்துத் தட்டு எவ்வளவு பிதுங்கினாலும் தாடையைத் துள்ளவைக்க முடியாது. தாடை துள்ளுகிறதென்றால் பழுது கழுத்தோடு நிற்கவில்லை. ஸ்கேன் தட்டுப் பிதுக்கத்தைக் காட்டும். அந்தப் பிதுக்கம்தான் நோய்க்குக் காரணமா என்பதைக் காட்டாது. ஸ்கேனை மட்டும் நம்பிக் கழுத்தில் அறுவை செய்துகொண்டு, நகையும் நிலமும் போன பிறகும் கை தொடர்ந்து சூம்புவதைப் பார்த்து நிற்கிற நோயாளிகள் உலகெங்கும் உண்டு. தாடையில் ஒரு தட்டு அவர்களில் சிலரையாவது காப்பாற்றியிருக்கும்.

வயிற்றுத் தோலில் கோடு கிழித்துப் பார்க்கும் அனிச்சையும் இங்கே உதவும். தண்டுவடம் நசுங்கியவருக்கு அது பெரும்பாலும் மறைந்துவிடும்; எம்.என்.டி.யில் நெடுநாள் நீடிப்பதுண்டு. உறுதியான சான்று என்று சொல்ல முடியாது, ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது.

சுத்தியலுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, அது ஆளுக்கு ஆள் மாறும் என்பது. ஒரே நோயாளியின் அனிச்சையின் அளவுக்கு ஒருவர் இரண்டு கூட்டல் குறி போடுவார், இன்னொருவர் மூன்று போடுவார். ஆய்வுகளும் இதைக் காட்டியிருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த நோயைக் கண்டறிவது இரண்டா மூன்றா என்ற கணக்கில் தொங்கவில்லை. சூம்பிய தசையில் அனிச்சை இருக்கிறதா இல்லையா, ஓரிடத்தில் தட்டினால் பக்கத்துத் தசையும் துள்ளுகிறதா, இடதும் வலதும் வேறுபடுகின்றனவா, மூன்று மாதத்துக்கு முன் இல்லாத இடத்தில் இன்று இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். இவற்றில் இரண்டு தேர்ந்த மருத்துவர்கள் முரண்படுவது குறைவு. தவிர, ஆளுக்கு ஆள் மாறுவது எம்.ஆர்.ஐ. படத்தைப் படிப்பதிலும் உண்டு. தேய்மானம் ‘லேசானதா’ ‘நடுத்தரமா’ என்பதில் இரு அறிக்கைகள் வேறுபட்டால், அதற்காக யாரும் ஸ்கேனைத் தூக்கியெறியச் சொல்வதில்லை.

இரண்டாவது வாதம், ஆரோக்கியமானவருக்கும் அனிச்சை துள்ளலாம் என்பது. உண்மை. பதற்றக்காரருக்கும் தைராய்டு மிகுந்தவருக்கும் முட்டி துள்ளும். கண்ணிமையோ கெண்டைக்காலோ துடிக்கிறது என்று இணையத்தில் தேடி, எம்.என்.டி. வந்துவிட்டது என்று உறக்கம் தொலைக்கிற இளைஞர்கள் பலர். சதை சூம்பாமல், வலு குறையாமல், வெறும் துடிப்பும் துள்ளும் முட்டியும் மட்டும் இருந்தால் அது இந்த நோயில்லை என்று அவர்களுக்குத் தைரியம் சொல்வதும் அதே பரிசோதனைதான். எதிர்ப்பக்கமும் உண்டு. கீழ்நிலை நரம்பணுவை மட்டும் தாக்கும் எம்.என்.டி. வகையில் அனிச்சைகள் அடங்கியே இருக்கும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்குக் குதிகால் அனிச்சை ஏற்கெனவே போயிருக்கலாம், வயதானவர்களுக்கும் அப்படியே. ஆகவே தட்டிப் பார்த்த கையோடு நோயை முடிவு செய்வது கூடாது. ஸ்கேன் இல்லாமல் சுத்தியல் போதும் என்று இங்கே யாரும் வாதிடவில்லை. சுத்தியல் இல்லாமல் ஸ்கேன் போதும் என்பதுதான் மறுக்கப்படுகிறது.

மூன்றாவது வாதம் கேட்பதற்கே வேதனையானது: குணமாகாத நோய், சீக்கிரம் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? ஏ.எல்.எஸ். வந்தவர்களில் பெரும்பாலோர் அறிகுறி தொடங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் மாத்திரை ஆயுளைச் சில மாதங்கள்தான் நீட்டுகிறது. ஆனால் மூச்சுக்கு உதவும் முகமூடிக் கருவியை உரிய நேரத்தில் தொடங்குவது, விழுங்க முடியாமல் போகும் முன் வயிற்றில் குழாய் பொருத்துவது, பேச்சு போகும் முன் குடும்பத்தோடு பேசி முடிக்க வேண்டியதைப் பேசுவது எல்லாம் முன்கூட்டித் தெரிந்தால்தான் நடக்கும். கண்டறிவதற்கே ஓராண்டு ஆகிவிடுகிற நோயில் அந்த ஓராண்டு பெரிய பங்கு.

அதைவிடவும் பெரிய காரணம், இந்த நோய் போலத் தோன்றிக் குணமாகக் கூடியவை பல இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய அனிச்சை பெரிதும் கைகொடுக்கிறது. முட்டி துள்ளி, குதிகால் அடங்கி, கால் விரலின் நிலை கண்ணை மூடினால் தெரியாமல் போனால் பி12 குறைபாட்டைத் தேட வேண்டும். ஊசி மருந்துக்கு அது கட்டுப்படும். சோர்ந்த தசைகளில் அனிச்சை அடங்கி, மற்றவற்றில் இயல்பாக இருந்தால், உடலின் எதிர்ப்பாற்றலே பல இயக்க நரம்புகளைத் தனித்தனியே தாக்கும் ஒரு நோய் இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி; அது எலும்பையும் தசைநார்களையும் தடிக்கச் செய்து தண்டுவடத்தை நெருக்கும். முதுகெலும்புக் காசநோயும் அவ்வாறே. பூச்சிமருந்து விஷத்திலிருந்து பிழைத்தவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் சோர்ந்து, பிறகு விறைப்பதும் உண்டு. விவசாய வட்டாரத்தில் இதைக் கேட்காமல் விடுவது பிழை.

இயந்திரம் இல்லாத இடத்தில் சுத்தியலால் ஆகக்கூடிய வேலைக்கு ஆப்பிரிக்காவில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கல்வராயன் மலையிலும் சின்னசேலம் வட்டாரத்திலும் விளைகிற மரவள்ளிதான் அங்கே பல நாடுகளில் சோறு. வறட்சிக் காலத்தில் கசப்பு மரவள்ளியைச் சரியாக ஊறவைத்துப் பதப்படுத்தாமல் உண்டவர்களுக்கு, திடீரென்று இரு கால்களும் விறைத்துவிடும் ‘கோன்சோ’ என்ற நோய் வந்தது. காங்கோவில் 1938-லேயே இதை எழுதியிருக்கிறார்கள். மொசாம்பிக்கில் 1981-ல் பெரிதாகப் பரவியது. இங்கே ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்கோடும் வேகவைத்து உண்கிற கிழங்கோடும் அதைக் குழப்ப வேண்டாம். சொல்ல வந்தது வேறு. உலக சுகாதார நிறுவனம் 1996-ல் கோன்சோவுக்கு வகுத்த வரையறை மூன்றே விதிகள் கொண்டது: இரு காலும் சமமாக விறைத்த நடை; ஒரு வாரத்துக்குள் வந்து அதன்பின் வளராமை; முதுகெலும்பு நோய் இல்லாமல் இருபுறமும் மிகுந்த முழங்கால் அல்லது குதிகால் அனிச்சை. ஸ்கேன் அதில் இல்லை. சாலையே சரியில்லாத ஊர்களில் மேல்நிலை நரம்பணுவைத் தாக்கும் ஒரு நோயைச் சுத்தியலை வைத்து அடையாளம் கண்டார்கள்.

தமிழ்நாட்டுக்கே உரிய சான்று இன்னும் நெருக்கமானது. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் தாங்கள் பார்த்த இயக்க நரம்பணு நோயாளிகளைப் பற்றி 1970-ல் எழுதினார்கள். மேலை நாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு வடிவம் அவர்களிடம் வந்துகொண்டிருந்தது. முப்பது வயதுக்கு முன்பே, பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே, கைகால் மெலிகிறது. முகமும் நாக்கும் சோர்கின்றன. காது கேளாமல் போகிறது. அனிச்சைகள் பலருக்குத் துள்ளுகின்றன. ஆனால் நோய் மிக மெதுவாக நகர்கிறது. ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்ற பெயரில் உலக நரம்பியல் நூல்களில் அது இடம்பெற்றது. நோயாளிகள் பெரும்பாலும் தென்னிந்தியர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் பார்த்த 116 நோயாளிகளின் விவரத்தைப் பின்னர் வெளியிட்டார்கள்.

இந்தியாவில் எம்.ஆர்.ஐ. கருவியே இல்லாத காலத்தில், சென்னையின் படுக்கை வார்டில், உற்றுப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் கேட்டும் ஒரு புதிய நோய் வடிவத்தை உலகுக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்த மரபின் வாரிசுகளாக இருந்துகொண்டு தட்டிப் பார்ப்பதைக் குறைவாகப் பேசுவது நன்றி மறத்தல். இதில் நோயாளிக்கும் ஒரு பெரிய பயன் உண்டு. எம்.என்.டி. என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பம் ஒடிந்துபோகிறது. அது மெட்ராஸ் வடிவம் என்று பிரித்தறிந்தால், பல பத்தாண்டுகள் வாழக்கூடிய பிள்ளையின் படிப்பையும் வேலையையும் காதுக்கருவியையும் பற்றி யோசிக்கலாம். ஒரு கை மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் தானே நின்றுவிடும் இன்னொரு வடிவத்தை ஜப்பானில் ஹிராயாமா 1959-லும், பெங்களூரில் கௌரி தேவி குழுவினர் 1984-லும் விவரித்தார்கள். இருபது வயதுப் பையனின் மெலிந்த கையில் அனிச்சை துள்ளவில்லை, காலும் இயல்பு என்றால் அந்த நல்ல செய்தியைச் சொல்லும் துணிவு மருத்துவருக்கு வரும்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனாலும் சங்கராபுரத்துக்காரர் நரம்பியல் நிபுணரைத் தேடிப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சேலத்துக்கோ சென்னைக்கோ பயணப்படுவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து வருகிறவருக்கு அந்தப் பயணம் இன்னும் நீளம். யாரை முதலில் அனுப்ப வேண்டும், எவ்வளவு அவசரமாக அனுப்ப வேண்டும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மருத்துவர்தான் தீர்மானிக்கிறார். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிற இயன்முறைச் சிகிச்சையாளரும் இதில் பங்கெடுக்கலாம். பக்கவாதம் என்று எழுதப்பட்டவருக்குக் கை திடீரென்று விழவில்லை, மாதக்கணக்கில் மெலிந்தது என்று தெரிந்தால், அந்தச் சிகிச்சையாளர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அனிச்சைப் பரிசோதனைக்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். நோயாளியைத் தளர்வாக உட்காரவைத்து, அனிச்சை வரவில்லையென்றால் இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லி மறுபடி தட்ட வேண்டும். புஜம், முன்கை, முழங்கால், குதிகால், உள்ளங்கால், தாடை எல்லாம் பார்த்தாக வேண்டும். நரம்பியல் வார்டுகளில் நோயாளிச் சீட்டின் ஓரத்தில் ஒரு குச்சி மனிதனை வரைந்து, மூட்டுக்கு மூட்டு கூட்டல் குறிகளும் பாதத்துக்கு ஓர் அம்புக்குறியும் போடும் வழக்கம் உண்டு. சங்கராபுரத்திலிருந்து மேல்சிகிச்சைக்கு எழுதப்படும் ஒவ்வொரு சீட்டிலும், சதை மெலிந்து வந்தவருக்காக, அந்தக் குச்சிப் படம் இருக்க வேண்டும். அதில் தாடைக்கும் ஒரு குறி இருக்க வேண்டும்.